ஞாயிறு யாருக்கு விடிகிறது?

உழைப்பைப் போற்றாத சமுதாயம் இல்லை. ஓய்வைப் போற்றுவதற்கோ மனிதன் என்றும் தயங்கியே வந்திருக்கிறான். வியர்வை சிந்துபவனைக் கண்டால் மதிக்கிறோம். மரநிழலில் சும்மா அமர்ந்திருப்பவனைக் கண்டால், 'இவனுக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்கிறோம். அப்படியானால், வாரமெல்லாம் உழைத்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஊர்ப்புறம் சென்று, புல்வெளியில் அமர்ந்து, யாதொன்றும் செய்யாமல் பொழுதைக் கழிக்கிறானே, அந்தப் பொழுது வீணா, பயனா? அதை அவன் குற்ற உணர்வின்றி நுகரலாமா? இக்கேள்வியை ஆராய ஐரோப்பாவின் தலைநகரங்களுள் ஒன்று நமக்கு நல்ல பாடநூலாக அமைகிறது. அது ஆஸ்திரிய நாட்டின் வியன்னா.

வியன்னாவில் வாழச் செல்லும் நம்மவர் எவரையும் முதலில் வியப்பில் ஆழ்த்துவது அந்நகரத்து ஞாயிற்றுக்கிழமையின் அமைதி. இரயில் நிலையம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, கடைகள் எல்லாம் சட்டப்படி சாத்தியே கிடக்கும். வீட்டுக்கு வேண்டிய பாலையும் ரொட்டியையும் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைத்துவிட வேண்டும். கடைத்தெரு ஓய்ந்திருக்க, டிராம் வண்டிகள் மட்டும் நிறைந்து ஓடும். 38-ஆம் எண் டிராமில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் கிரின்சிங் என்னும் திராட்சைத் தோட்டத்து ஊரை அடைந்துவிடலாம். அங்கிருந்து பேருந்தில் சென்றால் 484 மீட்டர் உயரமுள்ள காலன்பெர்க் குன்று. 1683-இல் முற்றுகைக்குள் சிக்கிய நகரை மீட்கப் போலந்து மன்னர் சோபியெஸ்கியின் படை இறங்கி வந்த அதே குன்றில், இன்று குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர். முதியோர் கைத்தடியை ஊன்றியபடி காட்டுப் பாதையில் மெல்ல நடக்கின்றனர். கீழே டான்யூப் ஆறு வெள்ளிக் கோடாகத் தெரிகிறது. ஆற்றின் நடுவே, வெள்ளத் தடுப்புப் பணியின் பயனாக 1972 முதல் 1988 வரை உருவாக்கப்பட்ட 21 கிலோமீட்டர் நீளத் தீவில், மக்கள் நீந்துகின்றனர், மிதிவண்டி ஓட்டுகின்றனர், வெறுமனே படுத்து வானத்தைப் பார்க்கின்றனர். இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. கையில் ஒரு பொட்டலம் உணவும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் ஏழையும் இங்கே செல்வந்தனே.

ஆனால் இந்த இன்பம் தானாக வந்ததன்று. வியன்னா மக்கள் இன்று உலாவும் பிராட்டர் பூங்கா ஒருகாலத்தில் பேரரசரின் வேட்டைக் காடு. 1766-இல் இரண்டாம் யோசேப்பு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நகரின் மேற்கே மதிற்சுவர் சூழ்ந்த லைன்ஸ் காடும் மன்னர் குடும்பத்தின் வேட்டைக் களமே. முடியாட்சி வீழ்ந்தபின் 1919-இல்தான் அதன் வாயில்கள் மக்களுக்குத் திறந்தன. நகரைச் சுற்றியுள்ள காடும் புல்வெளியும் கட்டடங்களுக்கு இரையாகாமல் காக்கப்பட வேண்டும் என்று நகர மன்றம் 1905-இல் தீர்மானித்தது. நிலம் இவ்வாறு கிடைத்தது. நேரம் எவ்வாறு கிடைத்தது? அதுவே இன்னும் முக்கியமான வரலாறு.

நகரின் தெற்கே வீனர்பெர்க் என்றொரு மேடு உண்டு. இன்று அங்கே ஏரி ஒன்று இருக்கிறது. சுற்றிலும் நாணலும் மரங்களும், நடந்து செல்ல நல்ல பாதைகளும் இருக்கின்றன. வார இறுதியில் அங்கே உலாவும் பலருக்கு அந்த ஏரி எப்படி உண்டாயிற்று என்பது நினைவில் வருவதில்லை. செங்கல்லுக்காக மண் தோண்டிய பள்ளமே அந்த ஏரி. வியன்னாவின் புகழ்பெற்ற வட்டச்சாலை மாளிகைகள் எழுந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், அவற்றுக்கான செங்கல் இங்குள்ள சூளைகளில் அறுக்கப்பட்டது. அறுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பொகேமியா, மொராவியா பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த செக் மொழி பேசும் ஏழைகள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். 1888-இல் விக்டர் ஆட்லர் என்னும் மருத்துவர் மறைவாக அச்சூளைப் பகுதிக்குள் சென்று, தாம் கண்டதைத் தம் இதழில் எழுதினார். ஒரே கூடத்தில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. கூலி காசாக அன்றித் தகரத் துண்டுகளாகத் தரப்பட்டது. அத்துண்டு சூளைக்குச் சொந்தமான உணவுக் கடையில் மட்டுமே செல்லும். வேலையோ நாள் ஒன்றுக்குப் பதினைந்து மணி நேரம் வரை நீண்டது. வாரத்தின் ஏழு நாளும் நடந்தது. மாளிகைகளில் வாழ்ந்தோருக்கு ஞாயிறு விடிந்தது. மாளிகைக்குக் கல் அறுத்தோருக்கு அது விடியவில்லை.

இத்தனைக்கும், தொழிற்கூடங்களில் ஞாயிறு ஓய்வு கட்டாயம் என்ற சட்டம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1885-இல், அந்நாட்டில் வந்திருந்தது. அந்தச் சட்டம் உருவாகும் சூழலை அமைத்தவர்களுள் கார்ல் ஃபொன் ஃபோகல்சாங் என்னும் கத்தோலிக்கச் சிந்தனையாளரும் ஒருவர். சட்டம் ஏட்டில் இருந்தது, சூளைக்குள் நுழையவில்லை. அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவரோ சமதர்மவாதியான ஆட்லர். கொள்கையால் எதிரெதிர் முகாம்களில் நின்ற இருவர், ஏழையின் ஓய்வுக்காக ஒரே பக்கம் நின்றனர் என்பது நாம் மறக்கக்கூடாத செய்தி. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ (சிங்கராயர்) வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும், தொழிலாளியின் ஞாயிறு ஓய்வைப் பறிக்க முதலாளிக்கு உரிமையில்லை என்று வலியுறுத்தியது. 1895-இல் வியன்னாவில் ஓர் ஆசிரியரும் ஓர் உலோகத் தொழிலாளியும் பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான கார்ல் ரென்னர் என்னும் மாணவரும் சேர்ந்து 'இயற்கை நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினர். தொழிலாளர்களை ஞாயிறன்று காட்டுக்கும் மலைக்கும் அழைத்துச் செல்வதே அதன் நோக்கம். மலைக்காற்று பணக்காரரின் தனிச்சொத்து அன்று என்பதை அவர்கள் நடந்தே மெய்ப்பித்தனர்.

செங்கல் என்றதும் விவிலியம் அறிந்தோருக்கு எகிப்து நினைவுக்கு வரும். அங்கும் அந்நிய நாட்டில் அடிமைப்பட்ட ஓர் இனம் செங்கல் அறுத்தது. பாலைநிலம் சென்று தம் கடவுளுக்கு விழா எடுக்க அவர்கள் விடுப்புக் கேட்டபோது பார்வோன் என்ன செய்தான்? அவர்களைச் சோம்பேறிகள் என்று பழித்தான். வைக்கோல் தருவதை நிறுத்திவிட்டு, செங்கல்லின் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்று ஆணையிட்டான். ஓய்வு கேட்பவனைச் சோம்பேறி என்று இகழும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை விடுதலைப் பயண நூலின் ஐந்தாம் அதிகாரம் காட்டுகிறது.

எனவேதான், அந்த மக்களுக்குக் கிடைத்த பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை தனி அழுத்தம் பெறுகிறது. விடுதலைப் பயண நூல் அதற்குத் தரும் காரணம் படைப்பு: ஆறு நாளில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். இணைச்சட்ட நூலோ வேறொரு காரணம் சொல்கிறது: நீயும் ஒருகாலத்தில் எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை மறவாதே. அங்கே கட்டளை வீட்டுத் தலைவனை நோக்கிப் பேசுகிறது; ஆனால் அவனோடு நின்றுவிடவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாயிலுக்குள் வாழும் அந்நியன் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கிறது. உனக்குக் கிடைக்கும் ஓய்வு உன் ஊழியருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆகவே ஓய்வுநாள் என்பது தலைவன் தனக்குத் தானே வழங்கிக்கொள்ளும் விடுமுறை அன்று; பிறருக்கு அவன் செலுத்த வேண்டிய கடன்.

இனி முதற்கேள்விக்கு வருவோம். ஓய்வு சோம்பலா? புனித தோமஸ் அக்குவினாஸ் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். சோம்பல் என்னும் தலையான பாவம், அவர் கருத்தில், ஓய்வுநாள் கட்டளைக்கே எதிரானது. ஏனெனில் அது இறைவனில் இளைப்பாற மறுக்கும் மனச்சோர்வு. அதாவது, சோம்பேறி ஓய்வை மிகுதியாக நுகர்பவன் அல்லன். உண்மையான ஓய்வை அறியாதவன். விளையாட்டும் ஒரு நற்பண்பே என்று கூறும் இடத்தில் அவர் நற்செய்தியாளர் யோவானைப் பற்றிய பழங்கதை ஒன்றை எடுத்தாள்கிறார். சீடரோடு விளையாடிக்கொண்டிருந்த யோவானைக் கண்டு சிலர் முகம் சுளித்தனர். யோவான் அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அழைத்து அம்பு எய்யச் சொன்னார்; அவனும் பலமுறை எய்தான். ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். அப்படிச் செய்தால் வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அத்தகையதே என்றார் யோவான்.

இக்கதையோடு நிறைவடையாமல் ஒருபடி மேலே சென்றவர் ஜெர்மானிய மெய்யியலார் யோசேப் பீப்பர். போரில் இடிந்துபோன தம் நாடு இரவுபகலாக உழைத்து எழ முயன்ற 1948-ஆம் ஆண்டில், அவர் ஓய்வைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். மறுநாள் நன்றாக வேலை செய்வதற்காகவே இன்று ஓய்வு என்றால், அந்த ஓய்வும் வேலையின் ஒரு பகுதியே. எந்திரத்துக்கு எண்ணெய் விடுவது போன்றதே. உண்மை ஓய்வு வேறு. உலகைப் பயன்படுத்த முனையாமல், அதைக் கொடையாக ஏற்று மகிழும் மனநிலையே அது. அதன் உச்சம் வழிபாடு. இது பீப்பரின் வாதம். காலன்பெர்க் குன்றில் அமர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவன், தான் அறியாமலேயே நன்றியின் வாசற்படியில் அமர்ந்திருக்கிறான் எனலாம்.

வாசற்படியிலேயே அமர்ந்து, உள்ளே நுழையாமல் போவோரும் உண்டு. 2007 செப்டம்பர் 9 அன்று வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் மறையுரையாற்றிய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், மேலை நாடுகளில் ஞாயிறு வெறும் வார இறுதியாக மாறிவிட்டதை எடுத்துக்காட்டினார். ஓய்வு நேரத்தை அவர் பழிக்கவில்லை. அது நல்லது, தேவையானது என்றே கூறினார். ஆனால் அதற்கு உள்மையம் ஒன்று இல்லாவிடில் அது வீணாகிவிடும் என்றார். 304-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊர்க் கிறிஸ்தவர்கள், ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காகக் கைதாகி, அந்த நாள் இன்றித் தங்களால் வாழ இயலாது என்று நடுவர் முன் சாட்சி சொல்லி உயிர் துறந்ததை அவர் நினைவூட்டினார்.

இனி இரண்டாவது கேள்வி. இதுவே கடினமானது. என் ஓய்வுக்காக வேறொருவர் உழைக்கிறாரே? என்னைக் குன்றுக்கு அழைத்துச் செல்லும் டிராம் ஓட்டுநருக்கும், அங்கே உணவு பரிமாறுபவருக்கும், நகரில் நோயாளியைக் காக்கும் செவிலிக்கும் ஞாயிறு எங்கே? ஆஸ்திரியச் சட்டம் வாரம் தோறும் தொடர்ந்து 36 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கி, வார இறுதியில் பணிபுரிவோருக்கு அதை வேறு நாளில் தரச் சொல்கிறது. இது நன்று, ஆயினும் முழுமையன்று. பிள்ளைக்குப் பள்ளி விடுமுறையான நாளில் தாய்க்குப் பணி. தாய் வீட்டிலிருக்கும் செவ்வாய்க்கிழமை பிள்ளை பள்ளியில். ஓய்வு இருவருக்கும் உண்டு; சேர்ந்திருக்கும் நாள் இல்லை. 1929-இல் சோவியத் அரசு தொழிலாளரை ஐந்து பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு ஓய்வு நாள் ஒதுக்கியது. எந்திரங்கள் நிற்கவில்லை, குடும்பங்கள் சிதறின. பல மாற்றங்களுக்குப் பின் 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பின. பொதுவாக இருக்கும்போதுதான் ஓய்வுநாள் ஓய்வுநாள் ஆகிறது.

'விரும்புவோர் கடை திறக்கட்டும், விரும்புவோர் வேலை செய்யட்டும். இதில் கட்டாயம் எங்கே?' என்று கேட்போர் உண்டு. வாடகை கட்ட வழியற்றவன் முதலாளியிடம் 'விருப்பமில்லை' என்று சொல்ல முடியுமா? உயிர் காக்கவும் பசி தீர்க்கவும் நடக்கும் ஞாயிறு வேலை வேறு. ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கி ஆண்டவரே அதற்கு வழிகாட்டினார். என் வாங்கும் வசதி ஒன்றுக்காக மட்டும் ஒருவரை நிறுத்திவைப்பது வேறு.

இது ஐரோப்பாவில் வாழும் நம் மக்களுக்கு ஏட்டுச் சிந்தனை அன்று. 1980-களில் போர்ச்சூழலால் இலங்கையிலிருந்து அங்கே தஞ்சம் புகுந்த தமிழர்களில் பலர் உணவகச் சமையற்கட்டிலும் துப்புரவுப் பணியிலும் காலூன்றினர்; பிறர் உண்டு மகிழும் ஞாயிறே அவர்களுக்கு வேலை மிகுந்த நாள். 1970-களில் கேரளத்திலிருந்து வியன்னா மருத்துவமனைகளுக்குச் சென்ற செவிலியரும் பண்டிகை நாள்களில் இரவுப் பணி ஏற்றனர். வாயிலுக்குள் வாழும் அந்நியன் என்று இணைச்சட்ட நூல் குறிப்பது இவர்களையும்தான்.

நம் வீட்டு வாயிலுக்குள்ளும் சற்றே பார்ப்போம். ஞாயிறு பூசை கண்டு வந்து, கறிக்குழம்போடு உண்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு, நல்ல ஓய்வு என்கிறோம். அன்று மற்ற நாள்களைவிடக் கூடுதலாக அடுப்படியில் நின்றவர் யார்? விருந்து உண்ட பாத்திரங்களைத் துலக்க வந்த பெண்ணுக்கு எந்த நாள் ஞாயிறு? கடற்கரைக்கோ பூங்காவுக்கோ குடும்பத்தோடு செல்வது நல்லதே. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. புறப்படும் முன், அந்தப் பெண்ணுக்கு ஊதியம் குறைக்காமல் விடுப்புக் கொடுத்தோமா என்று மட்டும் கேட்டுக்கொள்வோம். இல்லத்தரசியின் கையிலிருந்து அன்று ஒருவேளையேனும் கரண்டியை வாங்கிக்கொள்வோம். வீனர்பெர்க் ஏரிக்கரையில் இன்று எளியோரும் உலாவ முடிகிறதென்றால், தமக்குக் கிடைத்த ஞாயிறு பிறருக்கும் கிடைக்கட்டும் என்று சிலர் வாதாடியதும் அதற்கொரு காரணம். அந்தப் பணியை நம் வீட்டு அடுப்படியிலிருந்தே நாம் தொடங்கலாம்.