களமும் இல்லமும்

புகழ் பெற்ற ஒருவரின் வாழ்வில் ஊருக்கு உரியது எவ்வளவு, அவருக்கே உரியது எவ்வளவு என்னும் வினா பழமையானது. விளையாட்டு வீரர்களைப் பற்றிய ஆவணப்படங்கள் வீடுதோறும் புகுந்துவிட்ட இந்நாளில் அவ்வினா புதிய கூர்மை பெற்றிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு வீரரைப் பற்றி நாம் அறிந்தது நாளிதழின் விளையாட்டுப் பக்கம் தந்த அளவே. இன்றோ சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், இரவு உணவு முடிந்ததும் பிள்ளைகள் கைப்பேசியைத் திறக்கின்றனர். வீரரின் ஓட்டத்தைக் காண்கின்றனர். அதனோடு அவருடைய மணவாழ்வையும் மனச்சோர்வையும் மருத்துவமனைப் படுக்கையையும் காண்கின்றனர். இது முறையா? சாதனையைச் சொல்லி நிறுத்திக்கொள்வதா, வீட்டு வாயிலையும் கடந்து செல்வதா?

சாதனை மட்டும் போதுமா?

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் நம் ஆந்திரம் ஈன்ற கர்ணம் மல்லேசுவரி, 69 கிலோ எடைப்பிரிவில் 110 கிலோவும் 130 கிலோவுமாக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. இந்த எண்களே ஒரு காவியம். இவற்றுக்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியில் நியாயமும் உண்டு.

எனினும், வெற்றியை மட்டும் காட்டும் படம் ஒருவகையில் பொய் சொல்கிறது. பதக்கத்தை மட்டும் பார்க்கும் சிறுவன் அது பிறவி வரம் என எண்ணிவிடுகிறான். அதன் பின்னால் நின்ற பசியும் காயமும் தோல்வியும் அவனுக்குத் தெரிவதில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்று, தனிநபர் தங்கம் பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அடைந்த அபினவ் பிந்த்ரா, அவ்வெற்றிக்குப்பின் தம்மைச் சூழ்ந்த வெறுமையைப் பிற்காலத்தில் தாமே வெளிப்படையாகப் பேசினார். உச்சியைத் தொட்டவனுக்கும் உள்ளம் தளரும் என்பதை ஓர் இளைஞன் அறிவது அவனுக்குக் காப்பாகும்.

1999 மே மாதம், உலகக் கோப்பைப் போட்டிகளுக்கு நடுவே சச்சின் டெண்டுல்கர் தம் தந்தையை இழந்தார். மும்பை வந்து இறுதிக் கடன்களில் பங்குகொண்டு, மீண்டும் இங்கிலாந்து சென்று, பிரிஸ்டல் நகரில் கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள் எடுத்தார். மராத்திப் பேராசிரியரும் கவிஞருமான அத்தந்தையை விலக்கிவிட்டு அந்த நூற்றை விளக்க இயலுமோ? 2017-இல் வெளிவந்த அவரைப் பற்றிய ஆவணப்படத்தில் அவரே தம் வாழ்வைச் சொல்லுகிறார். இங்கே இல்லம் களத்துக்கு ஒளி தருகிறது. ஆகவே தனிவாழ்வைத் தொடவே கூடாது என்னும் கட்சி நிலைக்காது.

சாந்தியின் கதை

ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. அதனை நம் தமிழ் மண்ணே நமக்குக் காட்டியது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். 2006 திசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். அடுத்த சில நாள்களிலேயே, பாலினப் பரிசோதனையில் அவர் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தனர். பறித்ததோடு நிற்கவில்லை. ஒரு மருத்துவருக்கும் அவரிடம் சென்றவருக்கும் இடையே மட்டும் இருக்கவேண்டிய செய்தி, உலகெங்கும் தொலைக்காட்சிகளில் ஓடியது, நாளிதழ்களில் தலைப்பானது. அவர் எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதை மறந்துவிட்ட ஊர், அவர் உடலைப் பற்றி விவாதித்தது. 2012-இல் அவர் செங்கற்சூளையில் கூலிவேலை செய்துவந்த செய்தி வெளியாயிற்று. பின்னர்த் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநர் பணி பெற்றார்.

இவ்வம்மையாரைப் பற்றி ஒருவர் ஆவணப்படம் எடுக்க முற்படுவதாகக் கொள்வோம். எதைக் காட்டலாம்? சூளையின் வெப்பத்தைக் காட்டலாம். பயிற்சியைக் காட்டலாம். ஓட்டத்தைக் காட்டலாம். பதக்கம் பறிக்கப்பட்ட முறையையும், செய்தி கசிந்த விதத்தையும், உரியவர்கள் வாய்மூடி நின்றதையும் துருவித் துருவிக் கேட்கலாம். ஆனால் அந்தப் பரிசோதனைத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைக் காட்ட எவருக்கும் உரிமையில்லை. அவர் தாமே சொல்ல விரும்பினாலன்றி அப்பக்கம் மூடியே இருக்கவேண்டும்.

‘அத்தாளைக் காட்டாமல் கதையை எவ்வாறு சொல்வது?’ என்பர் சிலர். கதை எது என்பதே இங்கு வினா. அப்பெண்ணின் உடல் எத்தகையது என்பது கதையன்று. அவ்வுடலை அமைப்புகளும் செய்தித்தாள்களும் எவ்வாறு நடத்தின என்பதே கதை. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் 2014-இல் இதே வகை விதியால் விலக்கப்பட்டபோது, விளையாட்டுக்கான பன்னாட்டு நடுவர் மன்றத்தை நாடினார். 2015 சூலையில் அம்மன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. அன்று கூண்டில் நின்றது விதி, அவர் உடலன்று. ஆவணப்படமும் அவ்வாறே தன் விளக்கை அதிகாரத்தின் முகத்தில் பிடிக்கவேண்டும்.

அகமும் புறமும்

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் வகுத்த தொல்காப்பியம், அன்பின் ஐந்திணையைப் பாடுங்கால் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என விதித்தது. போரும் கொடையும் பாடும்போது பெயரும் ஊரும் குலமும் வரலாம். காதலும் பிரிவும் பாடும்போது ‘தலைவன்’, ‘தலைவி’ என்பதே போதும். நெடுநல்வாடை பிரிவுத் துயரில் வாடும் ஓர் அரசியைப் பாடுகிறது. ஆயினும் அதில் வேம்பு சூட்டிய வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. பெயர் வாராவிடினும் ஆள் இன்னார் எனத் தெரிந்துவிட்டமையால், அது அகமன்று, புறமே என்று உரையாசிரியர் கொண்டனர். ஒரு வேப்பந்தாருக்கே இத்துணைக் கவனம்!

அதற்காகப் புலவர் அரசர்தம் வீட்டுச் செய்திகளைத் தொடவேயில்லை என்பதன்று. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மீதே போருக்கு எழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் இடைபுகுந்து தடுத்தார். அக்குடும்பப் பகை நாட்டையே அழிக்கவல்லது. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அதைப் பாடினர். வேடிக்கை காட்டுவதற்காகவா? அன்று. பொருள் வேண்டா, அவள் துயர் தீர்ப்பதே எமக்குப் பரிசில் என்று வேண்டினர். பாரியின் மகளிர் தம் இழப்பைத் தாமே பாடினர். நாட்டுக்கு வரும் தீங்கைத் தடுக்கவோ, நலிந்தவர்க்கு நீதி கேட்கவோ, உரியவரே வாய்திறந்தாலோ அன்றி இல்லத்துச் செய்தி அவைக்கு வாராமை நம் மரபு எனலாம்.

சட்டம் சொல்வது

கோப்புகளுக்கு நடுவே காலங்கழிக்கும் எனக்கு இம்மரபின் எதிரொலி சட்டத்திலும் கேட்கிறது. 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது அதன் 8-ஆம் பிரிவில் ஓர் அளவுகோல் இருந்தது. பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிச்செய்தியை, பெரும் பொதுநலன் இருந்தாலன்றித் தரவேண்டியதில்லை என்பது அது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாசகத்தை மாற்றியது. ஆயினும் அளவுகோலின் அறிவு பழுதுபடவில்லை. அதற்கு முன்பே, 1994-இல், ஒரு தமிழ் வார இதழின் ஆசிரியர் தொடுத்த இராஜகோபால் வழக்கில் உச்சநீதிமன்றம் இருபுறமும் நோக்கித் தீர்ப்பளித்தது. பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடலாம். அதற்கு அப்பால், ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை முதலியவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது.

இசைவு ஒன்று கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. 2020-இல் பத்துப் பகுதிகளாக வெளிவந்த மைக்கேல் ஜோர்டனைப் பற்றிய தொடரில் அவருடைய நிறுவனமே பங்குகொண்டது. அதனைப் பலர் குறைகூறினர். வீரரே கருவியைக் கையில் வைத்திருந்தால் ஆவணம் மெய்க்கீர்த்தியாகிவிடும் அபாயம் உண்டு. இன்னொன்றும் எண்ணத்தக்கது. வீரர் இசைந்தார் என்பதால் அவர் மனைவியும் மக்களும் இசைந்தவர் ஆகார். அவர்கள் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. எவர் கைதட்டலையும் கேட்டு வாங்கவில்லை. கணவனின் புகழுக்காக ஒரு பெண்ணின் கண்ணீரை ஊருக்குக் காட்டுவது என்ன நீதி?

அதேவேளையில், ‘அந்தரங்கம்’ என்னும் சொல்லே குற்றவாளிக்குத் திரையாகிவிடவும் கூடாது. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் ஒருவர் பல்லாண்டுகளாக இளம்பெண்களுக்கு இழைத்த பாலியல் கொடுமையை 2020-இல் ‘அத்லெட் ஏ’ என்னும் ஆவணப்படம் விரித்துரைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் தாமே முன்வந்து பேசினர். 2023-இல் தில்லி ஜந்தர் மந்தரில் நம் மல்யுத்த வீராங்கனையர் அமர்ந்து நீதி கேட்டதும் நினைவுக்கு வருகிறது. இங்கே மௌனம் காப்பது நாகரிகம் ஆகாது. அது கொடுமைக்குத் துணைபோதல்.

நம் பங்கு

ஆக, படம் எடுப்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டியவை சிலவே. இச்செய்தி சாதனையை விளக்குகிறதா? அன்றேல், யாருக்கேனும் நீதி பெற்றுத் தருகிறதா? இதனால் நோகக்கூடியவர் எல்லாரும் மனமுவந்து இசைந்தனரா? இவற்றுக்கு விடையில்லையேல், அக்காட்சி எத்துணைச் சுவையுடையதாயினும் வெட்டி எறியத்தக்கதே.

படம் எடுப்பவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. விற்கும் சரக்கையே கடைக்காரர் விரிக்கிறார், வாங்குபவர் நாமே. வேங்கடத்தைத் தமிழின் வடவெல்லை எனப் பாடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மொழிவழியே மாநிலங்கள் பிரிந்தபின்னும் இம்மண்ணில் வேரூன்றி, பிள்ளைகளுக்குத் தமிழையும் தெலுங்கையும் ஒருங்கே ஊட்டி வருகிறோம். திருப்பதிப் பல்கலைக்கழக மைதானத்தில் விடியற்காலையில் ஓடும் சிறுமியருள் நம் வீட்டுப் பெண்களும் இருக்கலாம். அவர்களுள் ஒருத்தி நாளை புகழ் பெற்றால், அவளைப் பற்றி ஊர் எதைக் கேட்கவேண்டும் என விரும்புகிறோமோ, அதை மட்டுமே இன்று பிறர் பெற்ற பெண்ணைப் பற்றியும் கேட்போம். சாந்தியின் பெயர் நம் வீட்டில் எழும்போது, ‘அந்தப் பரிசோதனை என்ன ஆயிற்று?’ என்று ஒரு பிள்ளை வினவக்கூடும். ‘அது அவருடைய செய்தி; நாம் அறியவேண்டியது அவர் ஓடிய ஓட்டமும் அவருக்கு நேர்ந்த அநீதியும்’ என்று பெற்றோர் பொறுமையாக விடை கூறட்டும். அவ்விடையைக் கேட்டு வளரும் பிள்ளை, எந்தப் படத்தை எதுவரை பார்ப்பது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளும்.