மறதி பாவமா?

சென்ற தேர்வுக் காலத்தில் ஒரு நாள், கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். என் தொப்பியைக் கண்டு ஸலாம் சொல்லி அருகே வந்தார் ஒருவர். உடன் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன்.

"ஹஜ்ரத்! இவனுக்குப் படித்ததெல்லாம் மறந்துபோகிறது. என்ன பாவம் செய்தானோ! ஏதாவது ஓதி ஊதுங்கள்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஓதி, துஆச் செய்தேன். பிறகு, "எப்படிப் படிக்கிறாய் தம்பி?" என்றேன். "ஒரு பாடம் முடிந்தால் அடுத்த பாடம். பழையதைப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு விழித்துப் படிப்பேன்" என்றான்.

அன்புள்ள பெற்றோர்களே! பாவம் மனனத்தைக் கெடுக்கும் என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் பெயரால் ஒரு செய்தி வழங்குகிறது. அது ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. பெற்ற பிள்ளைமீது எறியும் கல் அல்ல.

மறதி மனித சுபாவம். மனனம் செய்த குர்ஆன், கட்டிய ஒட்டகத்தை விட விரைவாக நழுவிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது யாரை? ஸஹாபாப் பெருமக்களையே! நபியவர்களுடனும் ரமளான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் குர்ஆனை ஓதிப் பார்த்தார்கள். இறுதி ஆண்டில் இருமுறை. ஆகவே திரும்ப ஓதுவது மந்த புத்திக்காரனின் வேலையன்று, ஸுன்னத்தான வழி.

மறக்கும் என்று தெரிந்தும் திரும்பிப் பாராமலிருந்து, துஆவை மட்டும் நம்புவது தவக்குல் ஆகுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்விடம் ஒப்படைக்க வேண்டும் என்பதல்லவா நபிவழி?

எப்படிக் கட்டுவது? சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள் "தஃலீமுல் முதஅல்லிம்" நூலில் வழி சொன்னார்கள்: நேற்றைய பாடத்தை ஐந்து முறை, முந்தாநாள் பாடத்தை நான்கு முறை, அதற்கு முந்தியதை மூன்று முறை, இப்படியே ஒன்று வரை.

ஹிஃப்ளு மாணவன் கிதாபை மூடிவிட்டுத்தான் உஸ்தாதிடம் ஒப்பிக்கிறான். பள்ளிப் பாடத்துக்கும் இதுவே வழி. 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: திரும்பத் திரும்ப வாசித்தவர்களை விட, புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

இரவு விழிப்பும் வேண்டாம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சின்றி உறங்கி, ஃபஜ்ரு தொழுது அமர்ந்தால் மனம் தெளிந்திருக்கும். அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, புத்தகத்தைக் கையில் வாங்கிக் கேள்வி கேட்பது பெற்றோரின் கடமை.

பஸ் வந்தது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வந்த திசைக்கே திரும்புவது போலிருக்கும். ஆனால் உயரம் கூடிக்கொண்டே போகும். "பார்த்தாயா தம்பி, பழைய பாடத்துக்குத் திரும்புவதும் இப்படித்தான்" என்றேன். பையன் நிமிர்ந்து பார்த்தான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.