கந்தோர் முகம்

கந்தோரில் முதியவர் ஒருவர் படிவத்தைப் பற்றி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் விளக்கினேன். அன்று மாலை வீட்டில் உம்மா, மருந்து சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று இரண்டாம் தடவை கேட்டபோது சீறி விழுந்தேன். மகள் சொன்னாள்: "வாப்பா, கந்தோருக்கு வாற ஆக்களோட கதைக்கிற மாதிரி வாப்பும்மாவோடயும் கதைங்களேன்."

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷீல்ட் 1983இல் வெளியான தமது நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்தார். உணர்ச்சியை அடக்குவதும் வரவழைத்துக் காட்டுவதும் சம்பளத்துக்கு விற்கப்படும் உழைப்பே என்றார். அவ்வுழைப்பில் களைத்துத்தான் வீட்டில் வெடிக்கிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரம் மேலதிகாரியின் தொலைபேசி அழைப்பு வந்தது. என் குரல் உடனே கனிந்தது. களைப்பு எங்கே போயிற்று?

மேலதிகாரி என் பதவி உயர்வைத் தடுக்கலாம். முதியவர் என்மீது முறைப்பாடு எழுதலாம். உம்மா எழுதமாட்டா. அந்தத் தைரியத்தில்தான் சீறியிருக்கிறேன். நம்மைத் தண்டிக்க முடியாதவரிடம் நாம் எப்படி நடக்கிறோமோ, அதுதானே நம் குணம்? ஆயினும் கந்தோர் முகத்தை முழுப்பொய் என்று தள்ளவும் மனமில்லை. என்னாலும் பொறுமையாக இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எழுந்து உள்ளே போனேன். மருந்துப் போத்தலைக் கையில் வைத்தபடி உம்மா இன்னும் காத்திருந்தா.