காணாமல் கொடுத்த பரிசு

தமிழ்நாட்டில் எந்த ஊரில் முதல் நாவல் வெளியானாலும் அழைப்பிதழ் ஏறக்குறைய ஒரே வார்ப்பில்தான் இருக்கும். தலைமை, முன்னிலை, நூலை வெளியிடுபவர், முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரை வழங்குவோர் என்று ஏழெட்டுப் பெயர்கள். கடைசி வரியில் ‘ஏற்புரை’ என்று நூலாசிரியர் பெயர். தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் விழா என்றால், பென்னாகரத்துக்கும் அரூருக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்து போன பிறகுதான் எழுதியவர் மைக்குக்கு வருவார். நன்றி சொல்லி முடிப்பதற்குள் ஜமக்காளத்தைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் அதற்கு முந்தைய ஒரு மாதம் அவர்தான் ஓடியிருப்பார். கல்லூரி நண்பருக்கு போன் போட்டு முன்பதிவு கேட்டது, மாமனார் வழி உறவில் ஒருவரிடம் இருபது பிரதிக்குச் சொல்லி வைத்தது, பழைய ஆசிரியரிடம் முன்னுரை வாங்க மூன்று முறை நடந்தது, வாட்ஸ்அப்பில் அட்டைப்படத்தைப் போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணியது எல்லாம் அவர் வேலைதான். நாவல் எழுதும்போது வராத கூச்சம் இப்போது வரும். எழுதுவது அறம், விற்பது அற்பம் என்று உள்ளே எதுவோ சொல்லும்.

அந்தக் கூச்சத்துக்கு வயது அதிகம். மகாபாரதத்தின் கர்ண பருவத்தில் ஒரு காட்சி வருகிறது. காண்டீவத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடு என்று சொல்பவரைக் கொல்வதாக அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். கோபத்தில் தருமரே அப்படிச் சொல்லிவிடுகிறார். மூத்தவரை அவமதித்துப் பேசுவது அவரைக் கொன்றதற்குச் சமம், அதைச் செய்து சபதத்தை முடி என்று வழி சொல்கிறான் கிருஷ்ணன். பேசிவிட்ட அர்ஜுனன் குற்றவுணர்வில் தன்னையே மாய்த்துக்கொள்ள வாளை உருவ, அதற்கும் ஒரு மாற்று கிடைக்கிறது: உன் பெருமையை நீயே சொல்லிக்கொள், தற்கொலைக்கு அது சமம். பலனில் பற்று வைக்காதே என்று கீதையில் அவனுக்கு உபதேசித்த அதே கிருஷ்ணன்தான் இதைச் சொல்கிறான். தற்புகழ்ச்சி தற்கொலை என்றால், பெயர் தெரியாத ஒருவர் தன் முதல் நாவலை எப்படித்தான் உயிரோடு சந்தைக்குக் கொண்டுவருவது?

இதைத் தமிழில் நேராக எடுத்துப் பேசியவர் ஒரு சமணத் துறவி. நன்னூல் தந்த பவணந்தி முனிவர், எத்தனை அரிய நூலைச் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று பாயிரத்திலேயே விதிக்கிறார். விதித்த கையோடு விலக்கும் தருகிறார்: அரசனுக்கு எழுதும் ஓலையில், தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி பழிக்கும்போது என நான்கு இடங்களில் தன் பெருமை சொல்லலாம். இரண்டாவது இடத்தைப் பார்த்தால் புது நாவலாசிரியருக்காகவே திறந்துவைத்த வாசல் மாதிரி இருக்கிறது. தன்னை அறியாதவர்கள் நடுவில்தானே அவர் நிற்கிறார்!

இன்னும் முக்கியமானது அதே பாயிரத்தின் மற்றொரு ஏற்பாடு. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், உரைகாரர் என்று வரையறுத்துவிட்டு, அதை அவர்களுடைய கடன் என்கிறார் பவணந்தி. உதவி, தயவு என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. நூலாசிரியரின் வாயைக் கட்டிய மரபு, சுற்றியிருப்பவர்களின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டது. அழைப்பிதழில் எழுதியவர் பெயர் கடைசியில் வருவதற்குப் பின்னால் இந்தப் பழைய கணக்கின் நிழல் இருப்பதாகவே தோன்றுகிறது.

கடன் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்வது என்று பொருளாகிவிடாது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் சொன்ன பனம்பாரனார் தொல்காப்பியரோடு படித்தவர் என்பது மரபு. அரங்கேற்றத்தைக் கேட்ட அதங்கோட்டாசானும் அப்படித்தான். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில், தொல்காப்பியர் மேல் சினந்த அகத்தியர் அந்த நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானைத் தடுக்கிறார். குருவின் சொல்லையும் மீற முடியாமல் நண்பனையும் கைவிட முடியாமல், அவர் சூத்திரத்துக்குச் சூத்திரம் குற்றம் சொல்லிக்கொண்டே கேட்கிறார். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்கிறார். இன்று எந்த வெளியீட்டு விழாவிலாவது வாழ்த்துரைக்காரர் இப்படிச் செய்தால் அடுத்த விழாவுக்கு அவருக்கு அழைப்பு வராது.

தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் இருந்த காலத்தில், கேட்பதும் கொடுப்பதும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கே நடந்தது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியை நெல்லிக்கனி கொடுத்தவனாகத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சாவை வெல்லும் கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குத் தந்த வள்ளல் அவன். திருக்கோவலூர் பக்கம் ஜம்பையில் துறவிகளுக்கு அவன் குகை கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. ஆனால் புறநானூறு அவனுடைய சறுக்கல்களையும் மறைக்கவில்லை. பரிசில் தரத் தாமதித்தபோது, கலை தெரிந்தவனுக்கு எந்தத் திசையிலும் சோறு கிடைக்கும் என்று வாயில்காவலனிடம் சொல்லிவிட்டு மூட்டை கட்டுகிறார் ஔவை. நெல்லிக்கனியைப் பாடிய அதே புலவர்தான் இவர் என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சேர்த்துச் சொல்வதில்லை.

பெருஞ்சித்திரனாரின் வழக்கு இதைவிடக் கடுமையானது. குன்றும் மலையும் கடந்து பரிசிலுக்காக வந்தவருக்கு அதியமான் நேரில் முகம் காட்டாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். வறுமையில் இருந்த புலவர் அதை வாங்கவில்லை. என்னைப் பார்க்காமல், என் புலமையை அறியாமல் தந்ததை எடுத்துக்கொண்டு போக நான் வியாபாரப் புலவன் இல்லை, அளவறிந்து தருவதானால் தினையளவு கொடுத்தாலும் இனியது என்று பாடிவிட்டார். புறநானூற்றின் 208ஆம் பாட்டு இது.

முதல் நாவலுக்கு உதவுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை நிற்க வேண்டிய இடம் அந்தப் பாட்டு. ஐம்பது பிரதி வாங்கி ஒன்றைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் அடுக்குகிற நண்பர் கெட்டவரில்லை. பதிப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தின் சுமை அவரால்தான் குறைகிறது. ஆனாலும் அது காணாமல் கொடுத்த பரிசு. நாற்பதாம் பக்கத்தில் இந்தப் பாத்திரம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று போனில் கேட்டுச் சண்டை போடுகிற ஒருவர் தருவது தினையளவு. பெருஞ்சித்திரனார் எதை எடுத்துக்கொண்டிருப்பார் என்பதில் சந்தேகமில்லை. வீட்டில் அடுப்பு எரியாத நிலையிலும் அவருக்கு இந்தத் தெளிவு இருந்ததுதான் ஆச்சரியம்.

கண்டு கொடுத்ததற்குச் சான்று பாரதியின் வாழ்க்கையில் இருக்கிறது. மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயருக்கு, தீவிரவாத அணியில் நின்ற பாரதியின் அரசியல் அறவே பிடிக்காது. ஜி.ஏ. நடேசன் அழைத்துப்போக, பாரதி பாடியதை நேரில் கேட்டார், உருகிப்போனார். 1907இல் அந்தப் பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கச் செய்தது அந்த எதிரணிக்காரர்தான். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1920இல், அதே பாரதி கடையத்திலிருந்து நண்பர்களுக்குச் சுற்றறிக்கை எழுதினார். நாற்பது நூல்கள், ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள். அச்சுச் செலவுக்கு 20,000 ரூபாய் கடனாகக் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன். தீப்பெட்டி, மண்ணெண்ணெயைவிடச் சாதாரணமாகத் தன் புத்தகங்கள் விற்கும் என்று அதில் கணக்கும் காட்டியிருந்தார். பராசக்தியிடம் கேட்டவர் நண்பர்களிடம் கேட்கக் கூசவில்லை. பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரே இல்லை.

பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’யைத் தன் ‘ஞானபாநு’வில் வெளியிட்ட சுப்பிரமணிய சிவா, தன் கடைசி ஆண்டுகளைத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் கழித்தவர். ‘நளின சுந்தரி’ என்று அவரே ஒரு நாவலும் எழுதினார். ‘ராமாநுஜ விஜயம்’ எழுதியவரும் அவர்தான். திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, ரகசியமாகக் காக்க வேண்டிய மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்னவராக மரபு போற்றும் ராமாநுஜரைப் பற்றி எழுதிய கைக்கு, அறிவிப்பதில் பாவம் இல்லை என்று தெரிந்திருக்கும். சிறையில் தொற்றிய தொழுநோயால் ரயிலில் ஏறவும் அனுமதி மறுக்கப்பட்ட சிவா, பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப ஊர் ஊராக நடந்து காசு கேட்டார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் பாப்பாரப்பட்டிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் சிவா இறந்தபோது கோயில் எழும்பியிருக்கவில்லை.

அருகில் உள்ள காலத்திலும் ஒரு தருமபுரிக் கதை உண்டு. தொலைபேசித் துறை ஊழியராக இந்த மாவட்டத்தில் வேலை பார்த்த ஜெயமோகனின் முதல் நாவல் ‘ரப்பர்’ 1990இல் அகிலன் நினைவுப் பரிசோடு வெளிவந்தது. புது எழுத்தாளர் மேடையேறினால் பெரியவர்களுக்கு நன்றி சொல்வதுதான் வழக்கம். அவரோ தமிழில் நாவல் என்ற வடிவமே சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்று அந்த விழாவிலேயே பேசி வம்பை வாங்கிக்கொண்டார். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக ‘நாவல்’ என்ற கோட்பாட்டு நூலே வந்தது. அவையில் வாதிடும் நேரம் என்று பவணந்தி ஒதுக்கிய இடம் இப்படியும் பயன்பட்டிருக்கிறது. 1997இல் வந்த ‘விஷ்ணுபுரம்’ நாவலிலோ, காவியத்தை அரங்கேற்ற வந்து சபையின் தயவுக்காகக் காத்துக் கிடக்கும் கவிஞன் சங்கர்ஷணன் ஒரு முக்கியப் பாத்திரம். ஏற்புரைக்கு முந்தைய அந்த ஒரு மாதத்தை அனுபவித்தவர்களுக்கு அவனைப் பழகிய ஆள்போலத் தெரியும்.

அதியமானின் வீழ்ச்சியைப் பாடிய நூல் ஒன்று இருந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்ததைச் சொல்லும் ‘தகடூர் யாத்திரை’. முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. படித்தவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை எடுத்தெழுதி வைத்ததால் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியவை சில. மற்றவற்றில் பெரும்பகுதி ‘புறத்திரட்டு’ என்ற தொகுப்பில் இருக்கிறது. அதைத் திரட்டியவர் தன் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை.