பயனில் தீங்கு தவிர்ப்போம்



இல்லறத்தார்க்கு ஓதப்பெற்ற பன்னிரு விரதங்களுள் அநர்த்த தண்ட விரதமும் ஒன்று. பயன் ஏதுமின்றிப் பிற உயிர்க்கு இழைக்கும் தீங்கைத் துறத்தலே அவ்விரதம். ஐந்து அணுவிரதங்களையும் அறிந்த அளவுக்கு இக்குணவிரதத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதன் பொருளை உணர்வதற்கு ஏற்ற தலம் ஒன்று உண்டு.

கர்நாடக மாநிலத்தில், 1432ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பாகுபலி சுவாமியின் திருவுருவம் திகழும் கார்களத்திற்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில் வரங்கா என்னும் ஊர் உள்ளது. அங்கே ஏரியின் நடுவில் நான்முகமாக அமைந்த ஜினாலயம் விளங்குகின்றது. அதனைக் 'கெரெ பசதி', அதாவது ஏரிக்கோயில் என்பர். சிறு படகில் ஏறியே அங்குச் சென்று வணங்குதல் வேண்டும்.

இத்தகைய அமைதியான நீர்நிலையில் படகு மெல்லச் செல்லுங்கால், ஆகமம் கூறும் உயிர் வகைகள் அனைத்தும் நம் கண்முன் தோன்றுகின்றன. நீரையே உடலாகக் கொண்ட உயிர்களும், ஆம்பலும் கொட்டியும் ஓரறிவுடையன. தண்டில் ஒட்டிய நத்தை ஈரறிவுடையது. படகின் பலகையில் ஊரும் எறும்பு மூவறிவுடையது. மலர்தோறும் அமரும் வண்டும் தும்பியும் நாலறிவுடையன. மீனும் ஆமையும் கொக்கும் ஐயறிவுடையன.

துடுப்பை அசைக்காமல் கரை சேர இயலாது. அதனால் நேரும் துன்பம் இல்லறத்தார்க்கு முற்றும் தவிர்க்க இயலாதது. மெல்லத் துழாவினால் அது குறையும். ஆனால், படகில் அமர்ந்தவர் விளையாட்டாக நீரை அடிப்பதும், எட்டிய மலரைப் பறித்துச் சற்று நேரத்தில் எறிந்துவிடுவதும் எதற்காக? பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைக் கலக்குதல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் 'பிரமாத சரியை' என இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் விலக்கியுள்ளார். பிழைப்புக்காகச் செய்யும் தீங்கிற்கேனும் ஒரு காரணம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. விடுவதற்கு மிக எளியது இதுவே; நாம் விடாதிருப்பதும் இதனையே!

செந்தாமரை பத்மப்பிரப பகவானின் இலாஞ்சனம். நீலோற்பலம் நமிநாதரின் இலாஞ்சனம். ஆமை முனிசுவிரதரின் இலாஞ்சனம். பீடத்தில் பொறித்த ஆமையைக் கைகூப்பி வணங்கிவிட்டு, குளக்கரையில் கிடக்கும் ஆமையின் மீது சிறுவர் கல்லெறியக் கண்டும் வாளா இருப்பது முறையாகுமா?

வரங்காவுக்குச் சென்றுதான் இவ்விரதத்தைப் பயில வேண்டும் என்பதில்லை. நம் சிற்றூர்க் குளங்களிலும் இதே உயிர்கள் வாழ்கின்றன. விழா முடிந்ததும் பிளாஸ்டிக் பைகளைக் குளத்தில் எறியாதிருப்போம். மலரைப் பறியாமல் அதன் பெயரைக் கேட்டறிய நம் பிள்ளைகளைப் பழக்குவோம். பெயரறிந்த உயிரிடத்துப் பரிவு தானே பிறக்கும். அப்பரிவே அகிம்சையின் முதற்படி.

அறம் வளர்க!