தலைப்புப் பக்கத்தில் இல்லாத பெயர்

அமெரிக்க மண்ணில் அச்சான முதல் முழு விவிலியம் ஆங்கிலத்தில் இல்லை. 1663இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் வெளிவந்த அந்த நூல், வாம்பனோவாக் முதலிய பூர்வகுடிகளின் மொழியில் இருந்தது. மொழிபெயர்த்தவர் ஜான் எலியட் என்ற ஆங்கிலேயப் போதகர்.

சிறுபான்மை மொழிகளை விவிலியம் காப்பாற்றுகிறது என்று வாதிடுவோர்க்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மொழியைப் பேச ஆளில்லாமல் போயிற்று. 1993இல் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் என்ற வாம்பனோவாக் பெண் அதை மீட்க இறங்கினார். எம்.ஐ.டி.யில் மொழியியல் படித்து, எலியட்டின் விவிலியத்தையும் பழைய ஆவணங்களையும் வைத்து இலக்கணத்தை மீட்டெடுத்தார். உயிருள்ளது, உயிரற்றது என்று பெயர்ச்சொற்களைப் பிரிக்கும் மொழி அது. நம் திணைப் பாகுபாடு போலத்தான், ஆனால் கோடு வேறிடத்தில் விழுகிறது. எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதை வினையின் வடிவம் காட்டிக்கொடுத்துவிடும். அத்தனை பக்கங்கள் அச்சில் இருந்ததால்தான் அதைத் தேடிப் பிடிக்க முடிந்தது. அவருடைய மகள் அந்த மொழியைக் கேட்டே வளர்ந்தாள். நூறாண்டுக்கு மேலாக அப்படி ஒரு குழந்தை அந்தச் சமூகத்தில் இருந்ததில்லை.

அதற்காக எலியட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியுமா? மதம் மாறியவர்களுக்கென்று அவர் அமைத்த ஊர்களில் ஆங்கிலேயர் வாழ்முறைதான் சட்டம். ஆண்கள் நீளமுடி வைத்தால் அபராதம் என்றுகூட விதி இருந்தது. 1675இல் பூர்வகுடிகளுக்கும் ஆங்கிலேயக் குடியேறிகளுக்கும் இடையே போர் மூண்டதும், அந்த ஊர் மக்களையே குடியேற்ற அரசு பாஸ்டன் துறைமுகத்தின் டீர் தீவில் கொண்டுபோய் அடைத்தது. பசியிலும் குளிரிலும் பலர் மாண்டார்கள். எலியட் இதை எதிர்த்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சொல்லைக் காத்த அதே திட்டம்தான் சொல்லுக்குரியவர்களின் வாழ்வை அழிக்கப் பார்த்தது. பின்னால் விளைந்த நன்மை முன்னால் நடந்ததை நியாயமாக்கிவிடாது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு இல்லாவிட்டாலும் தமிழுக்குத் தொல்காப்பியம் இருந்திருக்கும். வாம்பனோவாக் மக்களுக்கு அந்த வசதி இல்லை. இருப்பதில் பெரிய நூல் விவிலியம்தான். அதில் கலிலேயாவின் வலை உண்டு. அந்த மக்கள் தங்கள் கரையோரச் சிப்பியைச் சமைக்கும்போது பேசும் பேச்சு கிடையாது.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுத்தைக் கற்ற அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. நிலப் பத்திரம், உயில், மனு என்று தங்கள் தேவைக்குத் தங்கள் மொழியிலேயே எழுதினார்கள். விவிலியத்தின் ஓரங்களில் இது என் புத்தகம் என்று குறித்தும் வைத்தார்கள். போதகர் தந்த எழுத்தைப் போதகர் நினைக்காத வேலைக்குத் திருப்பிக்கொண்டார்கள். மொழியைக் காத்த பெருமை யாருக்கு என்று கேட்டால், பெரும்பங்கு இந்தக் கைகளுக்குத்தான்.

அவற்றில் ஒரு கை ஜேம்ஸ் பிரின்டருடையது. நிப்மக் இனத்தவர், பெயரின் பின்பாதி தொழிலால் வந்தது. இரண்டு ‘ஓ’க்களை ஒட்டவைத்த தனி எழுத்து உட்பட, அந்த விவிலியத்துக்கு அச்சுக்கோத்தவர்களில் ஒருவர். 1685இல் வந்த இரண்டாம் பதிப்பின் வேலையில், புரிந்துகொண்டு பிழைதிருத்த இவர் ஒருவரே உண்டு என்று எலியட்டே எழுதினார். 1663ஆம் ஆண்டுப் பதிப்பின் தலைப்புப் பக்கத்தில் எலியட் பெயர் இருக்கிறது, ஆங்கிலேய அச்சகர் இருவர் பெயரும் இருக்கிறது. ஜேம்ஸின் பெயர் தலைப்புப் பக்கத்தில் ஏற 1709இல் பாஸ்டனில் வெளிவந்த சங்கீத நூல்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.