பரிசு பெறாதவனையும் ஒழுங்கு கட்டுமோ?

பந்தயத்தில் இறங்குகிறவன் அதற்குரிய ஒழுங்குகளைக் காத்தாலன்றி முடிசூட்டப்படமாட்டான் என்ற கருத்தை அர்ச். சின்னப்பர் தம் சீடராகிய திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வெளியிடுகிறார். பந்தயங்களை அவர் அறியாதவரல்லர். கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த அவருக்கு, அதன் அருகே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த இஸ்துமிய விளையாட்டுகள் தெரியாமலிரா. ஆனால் அப்போஸ்தலர் அங்கே பேசுவது முடிசூட்டப்படக் கூடியவனைப் பற்றி. முடி தனக்கில்லை என்று முன்கூட்டியே அறிந்து ஓடுகிறவன் காரியம் என்ன? அவனையும் ஒழுங்கு கட்டுமோ? இவ்வாரம் இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

இக்காலத்தில் 'டூயத்லான்' என்ற பந்தயம் பல தேசங்களில் நடைபெறுகிறது. முதலில் ஓட்டம், பின்பு சைக்கிள், அதன்பின் மறுபடியும் ஓட்டம். சுவிட்சர்லாந்து தேசத்து ஸோபிங்கன் நகரில் 1989-ம் ஆண்டு தொடங்கிய பந்தயம் இவற்றுள் பேர்போனது. அங்கே நெடுந்தூர வீரர்கள் 10 கிலோ மீட்டர் ஓடி, 150 கிலோ மீட்டர் சைக்கிள் மிதித்து, மீண்டும் 30 கிலோ மீட்டர் ஓடுகிறார்கள். புதிதாய் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் குறுகிய பந்தயத்தையே தெரிந்துகொள்வார்கள்: 5 கிலோ மீட்டர் ஓட்டம், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 2.5 கிலோ மீட்டர் ஓட்டம். இவர்கள் விளையாட்டால் பிழைப்பவர்கள் அல்லர். விடியுமுன் எழுந்து பயிற்சி செய்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். இத்தகையோரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பார்கள். நேசித்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதற்கு வேர். கூலிக்காக அல்ல, பிரியத்தினால் செய்கிறவன் என்பது கருத்து.

இப்பந்தயத்தின் ஒழுங்குகளில் ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். சைக்கிளில் வேகமாய்ப் போகிறவனுக்குப் பெரிய எதிரி காற்று. முன்னே போகிறவன் சக்கரத்தை ஒட்டினாற்போல் பின்னால் சென்றால், அவன் காற்றைக் கிழித்துப் போக, பின்னால் வருபவனுக்கு உழைப்பில் நாலில் ஒரு பங்கு வரையிலும், சிலவேளை அதற்கு மேலும் மிச்சமாகும். இதற்கு 'டிராப்டிங்' என்று பெயர். அமெச்சூர்களின் பந்தயங்கள் பலவற்றில் இது விலக்கப்பட்டிருக்கிறது. முந்திச் செல்லும் சில விநாடிகள் தவிர மற்ற வேளையில், முன்னே போகிறவனுக்குப் பின்னே 10 அல்லது 12 மீட்டர் விட்டே போகவேண்டும். மீறினால் தண்டனை உண்டு.

இனி ஒரு வாலிபன் தன் முதல் டூயத்லானில் இறங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு முன்னே எண்பது பேர். பரிசு அவனுக்கில்லை என்பது முதல் ஓட்டத்திலேயே தெளிவாயிற்று. சைக்கிள் பாதையில் எதிர்க்காற்று. தொடை எரிகிறது. நடுவர் ஏறிய மோட்டார் சைக்கிள் வளைவுக்கு அப்பால் போய்விட்டது. பருத்த சரீரமுள்ள ஒருவர் முன்னே போகிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினால் மூன்று மைல் இளைப்பாறலாம். மனம் சொல்லுகிறது: "யாருக்கு என்ன நஷ்டம்? எண்பத்தோராவது வருவதும் எழுபத்தெட்டாவது வருவதும் ஒன்றுதானே?"

இதற்கு மறுமொழி என்ன?

முதலாவது, அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். பேர் பதியும்போது ஒழுங்குகளுக்கு உட்படுவதாகச் சம்மதித்தே எண்ணை வாங்கிக்கொண்டான். காற்றுக்கு ஒதுங்குவது சுபாவத்திலே பாவமன்று. பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரிய சைக்கிள் பந்தயத்தில் அது அனுமதிக்கப்பட்டதே. ஒரே அணியைச் சேர்ந்தவன் தன் தலைவனுக்காகக் காற்றைத் தாங்கிக்கொள்வது அங்கே தோழமை எனப்படும். டூயத்லானிலும் அதை அனுமதிக்கும் பந்தயங்கள் உண்டு. விலக்கப்பட்ட இடத்தில் அதே செய்கை வேறாகிறது. பெரிய வெள்ளிக்கிழமையன்று மாமிசத்தை விலக்குகிற நமக்கு இது விளங்காத காரியமல்ல. மாமிசம் கெட்டதல்ல, கட்டளை இருக்கிறது.

இரண்டாவது, யாருக்கும் நஷ்டமில்லை என்பது மெய்யல்ல. அவனுக்குச் சற்று முன்னே ஒரு ஸ்திரீ தனியே காற்றோடு மல்லாடிக்கொண்டு போகிறாள். அவளுக்கும் பரிசில்லை. ஆனால் ஒழுங்கை முழுதும் காத்துப் போகிறாள். மறைந்து மிச்சம்பிடித்த பலத்தால் இவன் கடைசி ஓட்டத்தில் அவளைக் கடப்பானாகில், அவளுக்குரியதொன்றை எடுத்தவனாகிறான். எண்பதாவது இடம் விலை பெறாததாய் இருக்கலாம். என்றாலும் அது அவள் தன் வியர்வையால் சம்பாதித்தது.

மூன்றாவது, மிகப் பெரிய நஷ்டம் அவனுக்கே. பரிசுக்காக வருகிறவன் ஏமாற்றினால் பரிசாவது மிஞ்சும். பிரியத்தினால் வந்தவன் எதற்காக வந்தான்? தன்னால் ஆகுமா என்று அறியவே வந்தான். களவாடின பலத்தோடு கோட்டைக் கடந்தால் அவனுக்கு அது ஒருபோதும் தெரியவராது. மாலையில் பிள்ளைகள், "அப்பா, எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள்?" என்று கேட்பார்கள். கடிகாரம் காட்டியதையே சொல்வான். ஆயினும் அது பொய்.

"இதெல்லாம் நொய்ந்த மனச்சாட்சிக்காரர் பேச்சு" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியன்று. நெருக்கமான பாதையில் தன்னையறியாமல் ஒருவன் பின்னால் அகப்பட்டுக்கொண்டால் அதில் குற்றமில்லை. மனம் சம்மதியாத இடத்தில் பாவமில்லை. அறிந்தே ஒதுங்கினாலும் இது சாவான பாவமென்று யாரும் சொல்லார். அற்பமானதே. ஆனால் அற்பக் காரியத்தில் பிரமாணிக்கமுள்ளவனே பெரிய காரியத்திலும் பிரமாணிக்கமுள்ளவன் என்று நம் ஆண்டவர் போதித்திருக்கிறார். மேலதிகாரி இல்லாத அலுவலகம், திரும்பி எண்ணிப்பாராத கிழவியின் சில்லறை, கண்காணிப்பவர் வெளியே போன பரீட்சை மண்டபம் — இவையெல்லாம் நடுவர் கடந்துபோன சைக்கிள் பாதைகளே. நமக்கு வரும் சோதனைகளில் பெரும்பாலானவை பெரும்பரிசைக் காட்டி வருவதில்லை. "இது ஒரு பொருட்டா?" என்று கேட்டுக்கொண்டே வருகின்றன.

யாரும் பாராத பாதையில் மனிதன் செய்யக்கூடிய நன்மைக்கும் ஒரு திருஷ்டாந்தம் உண்டு. இத்தாலியரான ஜீனோ பார்த்தாலி 1938-லும் 1948-லும் பிரான்ஸ் தேசத்துப் பெரும்பந்தயத்தில் வெற்றி பெற்றவர். கர்மேல் சபையின் இல்லறத்தார் பிரிவைச் சேர்ந்தவர். 1943, 1944-ம் ஆண்டுகளில், தேடிப் பிடிக்கப்பட்ட யூதர்களின் உயிரைக் காக்கும் பத்திரங்களைச் சுமந்து, பயிற்சி செய்பவர்போல் நெடுந்தூரம் சைக்கிளில் போய்வந்தார். கைதட்ட அங்கே யாருமில்லை, பிடிபட்டால் மரணம். அதைக் குறித்து அவர் பெருமை பேசித் திரியவில்லை. 2000-ம் ஆண்டில் அவர் மரித்தார்; 2013-ல்தான் எருசலேமிலுள்ள யாத் வாஷேம் ஸ்தாபனம் அவரை நீதிமான்களில் ஒருவராக அங்கீகரித்தது. 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1949-ல் கிஸல்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோருக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். கோமோ ஏரிக்கு அருகே மலைமேலுள்ள அந்தச் சிறு கோவிலில் பார்த்தாலியின் சைக்கிளும் வைக்கப்பட்டிருக்கிறது. பந்தயத்தில் கிடைத்த புகழை உலகம் உடனே அறிந்தது. மற்றதைச் சர்வேசுரன் ஒருவரே வெகுகாலம் அறிந்திருந்தார்.

டூயத்லானில் இறங்க நினைக்கும் வாலிபரைத் தடுப்பது நம் நோக்கமல்ல. சரீரம் சர்வேசுரன் தந்தது. அதைப் பழக்குவது நன்று. ஞாயிறு காலையில் பந்தயமானால் சனி மாலைப் பூசையைத் தவறவிடவேண்டாம். பந்தயப் பாதையில் காற்று எதிர்த்து வீசும்போது, முன்னால் செல்பவர் முதுகு கண்ணுக்கு இனிதாய்த் தோன்றும்போது, கொஞ்சம் பின்வாங்கி, குறித்த தூரம் விட்டு, தன் பங்குக் காற்றைத் தானே தாங்கட்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு மறுபடி ஓடும்போது கால்கள் மரம்போல் கனக்கும். பலர் அவனைக் கடந்து போவார்கள். போகட்டும். கடைசியாய் வந்தாலும் வந்தது அவனே. நம்முடைய ஓட்டம் முடிந்து நடுவராகிய ஆண்டவருக்கு முன் நிற்கும் நாளில், எத்தனையாவது வந்தாய் என்று அவர் கேட்கப்போவதில்லை. எப்படி வந்தாய் என்றே கேட்பார்.